செவிலித்தாய் வந்த ஆடி மாதம்

ஆடிக் காற்று ஆனைக்கரடு ஊரின் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய விண்ணப்பத்தை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துச் செவ்வியல் இலக்கியத் துறையின் வாசலில் சபுரா நின்றிருந்தபோதுதான், இரண்டாயிரம் வருஷமாக நடந்துகொண்டிருந்த அந்தப் பெண் சைக்கிள் ஸ்டாண்டு வழியாக உள்ளே வந்தாள்.

சபுராவுக்கு ஊர் கடற்கரைப் பக்கம். வாப்பா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கிப் போடுகிறவர். கணினிப் படிப்புக்கு விண்ணப்பித்து, இடம் கிடைக்காமல், விடுதியில் அறை நிச்சயம் உண்டு என்ற ஒரே காரணத்துக்காக, பதினோரு பேர் மட்டும் படிக்கிற இந்தத் துறையில் வந்து சேர்ந்தவள். "தமிழ்தான் நமக்குத் தெரியுமேம்மா, அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?" என்று வாப்பா கேட்டபோது அவளும் அப்படித்தான் நினைத்தாள். வந்த மூன்றாவது வாரத்தில் தனக்குத் தமிழ் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டாள். பழம்பாட்டில் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாமல், வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாத வீட்டைச் சுற்றி வருகிற மாதிரி ஓர் அடியையே ஒரு மணி நேரம் சுற்றி வந்து, கடைசியில் உரையைப் பார்த்து, உரையும் புரியாமல் அழுதாள். அதனால்தான் அந்த விண்ணப்பம்.

வந்தவளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். தலையிலும் தோளிலும் செம்மண் புழுதி. கண்ணுக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்திருந்தாள், அந்தக் கை அப்படியே நிலைத்துப்போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. அவள் நடந்த இடத்தில் மட்டும் நடுப்பகல் வெயில் அடித்தது. அவள் கடந்தபோது வேப்பமர இலைகள் சுருண்டு, அவள் போனதும் விரிந்தன. காவலாளியிடம் ஒரு கேள்வி கேட்டாள். தாவரவியல் மாணவர்களிடம் அதையே கேட்டாள். சபுராவின் முன்னால் வந்து நின்று அதையே கேட்டாள்.

"மகளே, கண்டனையோ? காளை ஒருவனொடு என் மகள் இவ்வழிப் போயினள். கண்டனையோ?"

சபுராவுக்கு 'மகளே' மட்டும் புரிந்தது.

துறைத் தலைவி கோமதிநாயகி மேடம் கையில் சாக்கட்டியோடு வெளியே வந்தார். அந்தக் கேள்வியைக் காதில் வாங்கினார். தலையை ஆட்டிக்கொண்டார். "வாங்கம்மா, உட்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார். "சபுரா, தண்ணி கொண்டுவா. வர்றப்போ அலமாரியில இருந்து அந்தப் பெரிய தொகுப்பை எடுத்து நூத்திப் பதினெட்டாம் பக்கத்தைப் பாரு."

சபுரா பார்த்தாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் பாட்டு இல்லை. மேலே எண் இருந்தது, கீழே உரை இருந்தது, நடுவில் வெள்ளைக் காகிதம் இருந்தது.

"கிளம்பி வந்துட்டாங்க" என்றார் மேடம். "அந்தப் பாட்டுல இவங்கதான் பேசுவாங்க. பொண்ணை வளர்த்த செவிலித்தாய். பொண்ணு தனக்குப் பிடிச்சவனோட போயிருது. இவங்க அவளைத் தேடிக் காட்டு வழியில போறவங்ககிட்ட எல்லாம் கேப்பாங்க. கேட்டதோட பாட்டு முடிஞ்சிரும். முப்பது வருஷமா நான் அந்தக் கேள்வியைப் பாடம் நடத்தறேன். இதுவரைக்கும் யாரும் பதில் சொன்னதில்ல."

"இவங்க பேரு என்ன மேடம்?"

"பேர் கிடையாது. காதல் பாட்டுல யாருக்குமே பேர் வைக்கக் கூடாதுங்கறது அந்தக் காலத்து விதி. பேர் வச்சா அது ஒருத்தியோட கதை. வைக்கலைன்னா எல்லாரோட கதையும்."

பேர் இல்லாதவளை வாசல் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்று காவலாளி கேட்க, மேடம் 'செவிலி' என்று எழுதச் சொன்னார். அதனால் மறுநாளே ஒரு குழப்பம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக ஒரு செவிலி வந்திருக்கிறாள் என்ற செய்தி ஊருக்குள் போனதும், காய்ச்சல்காரர்களும், சர்க்கரைக்காரர்களும், கட்டுப் பிரிக்க வேண்டியவர்களும் துறை வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். அவளிடம் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஒவ்வொருவர் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தாள், ஒவ்வொருவரிடமும் மகளைக் கண்டீர்களா என்று கேட்டாள். நெற்றியில் கை பட்டவர்கள் தங்களைக் கடைசியாக அப்படித் தொட்டுப் பார்த்தவர் யார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல் விட்டது. மீதிப் பேர் மறுநாளும் வந்தார்கள்.

தேர்வுத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி செய்யுள் முதல் பருவப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றிருப்பதால், மேற்படி பெண்மணி தேர்வுக்கு முன் தம் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. மேடம் அதற்கு ஒரு வரியில் பதில் எழுதினார்: 'மகள் கிடைக்கவில்லை.' பாடத்திட்டக் குழு கூடி, காப்பியும் வடையும் சாப்பிட்டு, அந்தச் செய்யுளை நீக்கிவிட்டு வேறொன்றைச் சேர்த்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அவளை விடுதி மெஸ்ஸில் தங்கவைத்தார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி அவள் பேச்சு முதலில் புரிந்தது மேடத்துக்கு அல்ல, மெஸ்ஸில் சமைக்கிற பாக்கியத்துக்கு. பாக்கியம் கன்னியாகுமரிப் பக்கத்துக்காரி. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் பரப்பியிருந்த மீனைக் காட்டி அந்த அம்மாள் "உணங்கிற்றோ?" என்று கேட்க, பாக்கியம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னும் ஒணங்கல்லம்மா, நாளைக்கும் வெயிலு வேணும்" என்றாள். பக்கத்தில் தட்டோடு நின்ற சபுராவுக்குக் கையில் சோறு அப்படியே நின்றது. முந்தின வாரம் அந்தச் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடி எழுதி, அதற்கு எதிரே 'வழக்கொழிந்தது' என்று அவளே குறித்திருந்தாள்.

"பாக்கியம் அக்கா, உங்களுக்கு எப்படி அது புரிஞ்சுது?"

"இதுல புரியதுக்கு என்ன பிள்ளே இருக்கு? காயலியான்னு கேட்டாவ. காயல்லன்னு சொன்னேன்."

அன்றிலிருந்து சபுரா அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒரு சொல்லைக் கேட்பாள், பாக்கியத்திடம் சொல்லிப் பார்ப்பாள், மேடத்திடம் கேட்பாள், புத்தகத்தில் போய்த் தேடுவாள். தேடிப் போனால் அந்தச் சொல் அங்கே ஒரு மலைச்சரிவிலோ உப்பங்கழி ஓரத்திலோ உயிரோடு உட்கார்ந்திருக்கும். முதல் பத்துச் சொற்களுக்குப் பொருள் எழுத அவசரத்தில் தாள் கிடைக்காமல் மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினாள். அதன் பிறகு அதை யாரிடமும் கொடுக்க முடியவில்லை. இரண்டு வாரத்தில் ஊருக்கே காது பழகிவிட்டது. அதனால் இனி அந்த அம்மாள் பேசியதை நம் தமிழிலேயே சொல்லிவிடலாம், ஊரும் அப்படித்தான் கேட்டது.

பல்கலைக்கழக வாசலில் டீக்கடை வைத்திருந்த தேவசகாயம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்த அம்மாள் தினம் காலையில் அவர் கடைக்கு வந்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்பதையும், இறங்கியவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு போவதையும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காத" என்றார் சபுராவிடம். "அந்தப் பொண்ணு பஸ்ஸு ஏறியா போச்சு? பாட்டுக்குள்ள போன பொண்ணு. அதைப் பாட்டுக்குள்ளதானே தேடணும்? அதை விட்டுட்டு எல்லாரும் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

சபுரா அதைப் போய் மேடத்திடம் சொன்னாள். மேடம் தன் மேசையிலிருந்த தொகுப்பின் தையலைப் பிரித்து, தாள் தாளாக எடுத்து, ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்.

அப்படித்தான் அந்த ஊர் படிக்கத் தொடங்கியது. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒரு கட்டு, அரசு மருத்துவமனைக்கு ஒரு கட்டு, பூக்கடைகளுக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, மின்வாரிய அலுவலகத்துக்கு ஒன்று என்று பாட்டுகள் பிரிந்து போயின. போன இடமெல்லாம் பாட்டும் உரையும் எண்ணெய் படிந்து, பூ நார் ஒட்டி, லத்தியின் கீழே மடங்கி, மனிதர்கள் அதுவரை வாழ்க்கையில் எதையும் படித்திராத கவனத்தோடு படிக்கப்பட்டன, ஏனென்றால் அவர்கள் மதிப்பெண்ணுக்காகப் படிக்கவில்லை, காணாமல் போன ஒரு பெண்ணுக்காகப் படித்தார்கள். பூக்கட்டுகிற பெண்கள் வேங்கை பூத்த மலையில் அவளைத் தேடினார்கள். லைன்மேன்கள் கம்பத்தில் ஏறுவதற்கு முன் ஒரு பாட்டு, இறங்கிய பின் ஒரு பாட்டு என்று பாலை வழி முழுக்கத் தேடினார்கள். காவல் நிலைய எழுத்தர், பாட்டுகளில் வரும் தலைவன்மாரின் அங்க அடையாளங்களைத் தனித் தாளில் எழுதிவைத்தார். தேவசகாயத்தின் கடையில் டீ ஆறிப்போனது. "அந்தப் பையன் காலில் கழல் கட்டியிருந்தானாம்மா?" என்று ஒருவர் கேட்பார். அவள் யோசித்து, "வலக்காலில்" என்பாள். "அப்போ இது அவன் இல்ல" என்று தாள் கைமாறும். தேடப் போனவர்கள் தேடியது கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்துவிட்டு வந்து, ஓர் ஆட்டோக்காரர் தன் வீட்டுக்குப் போன் போட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார்.

சபுராவின் பங்குக்கு வந்த தாள்களில் கடைசியாக இருந்தது இருநூற்று ஐம்பத்தொன்றாம் பக்கம். ஒரு மத்தியான நேரம் நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாள். உரையைப் பார்க்காமல் முழுதாகப் புரிந்த முதல் பாட்டு அதுதான். புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

ஏழே ஏழு அடி. வழியில் போகிறவர்கள் சொல்வதாக இருந்தது. காட்டு வழியில் கள்வர் கொன்றுபோட்டவர்களைக் கல்லாலும் தழையாலும் மூடிவைத்த ஒரு மேடு, நீரில்லாத ஓடை, பட்ட மரத்தில் ஒரு பருந்து, மேட்டின் ஓரத்தில் தழை விலகி வெளியே தெரிகிற ஒரு சின்னக் கை, அந்தக் கையில் சங்கு வளை. யார் பெற்ற மகளோ என்று சொல்லிக்கொண்டு வழிப்போக்கர்கள் நிற்காமல் நடக்கிறார்கள். அவ்வளவுதான்.

சபுரா அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாள் பக்கத்தில் உட்காராமல் வேறு மேசைக்குப் போனாள். ஐந்தாம் நாள் மேடத்தின் அறைக்குப் போய்த் தாளை மேசையில் வைத்தாள்.

"இதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டணுமா மேடம்?"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ என்ன நினைக்கிற?"

"பேர் இல்லையே. இது அவங்க மகள்னு எப்படிச் சொல்றது?"

"இல்லைன்னும் சொல்ல முடியாதே."

"உங்களுக்கு இந்தப் பாட்டு முன்னாடியே தெரியுந்தானே?"

"தெரியும்." மேடம் தாளின் மடிப்பை விரலால் நீவினார். "பாலை வழியின் கொடுமையை விளக்குக, பத்து மதிப்பெண். முப்பது வருஷமா இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கேன் சபுரா. அந்தக் கை யாரோடதுன்னு ஒரு தடவைகூட யோசிச்சதில்ல. நீ வந்து மூணு மாசம் ஆகல, யோசிச்சிருக்க. நீயே முடிவு பண்ணு."

அந்த நேரத்தில் வெளியே பெரிய சத்தம். தேவசகாயம் தோளில் துண்டோடு, அடுப்பை அணைக்காமல், முன்னூற்று முப்பத்து நாலாம் பக்கத்தைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "கிடைச்சிருச்சு! பாப்பா, பொண்ணு கிடைச்சிருச்சு!" அவருக்குப் பின்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள்.

சற்று நேரத்தில் துறையின் வகுப்பறை நிறைந்து, ஜன்னல்களிலும் ஆட்கள் நின்றார்கள். பாக்கியம் அந்த அம்மாளைக் கைபிடித்து அழைத்து வந்து முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். சபுரா எழுந்தாள்.

"அண்ணாச்சி, உங்க பாட்டை அப்புறம் படிக்கலாம். முதல்ல என்கிட்ட இருக்கிற ஒண்ணைப் படிக்கணும். இதை நாலு நாளா ஒளிச்சு வச்சிருந்தேன். அம்மா, என்னை மன்னிச்சுக்கங்க."

படித்தாள். ஓரிடத்தில்கூடச் சொல் உடையவில்லை. சின்னக் கை வருகிற அடியில் ஜன்னலில் நின்ற யாரோ, "வேணாம் விட்ரும்மா" என்றார்கள். சபுரா விடாமல் ஏழு அடியையும் படித்து முடித்தாள்.

அந்த அம்மாள் கண்ணுக்கு மேலே வைத்திருந்த கையை முதன்முறையாகக் கீழே இறக்கினாள். "வளையோடா கிடக்கிறது அந்தக் கை?"

"ஆமாம்மா."

"என் மகள் வளையைக் கழற்றித் தினைப் பானைக்குள் வைத்துவிட்டுத்தான் போனாள். போகும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று. மறுநாள் சோறு பொங்கத் தினை அள்ளும்போதுதான் நான் பார்த்தேன். அது என் மகள் இல்லை."

அறை முழுக்க மூச்சு வந்தது. தேவசகாயம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டி, இரண்டு இடத்தில் தடுக்கி, மூன்றாம் இடத்தில் மேடம் எடுத்துக்கொடுக்க, தானே படித்தார். உப்பு வண்டிக்காரர்கள் பேசுகிற பாட்டு. மலையடிவாரத்தில் நாலே வீடு உள்ள சிற்றூர். ஒரு வீட்டு வாசலில் இளம்பெண் ஒருத்தி வண்டிக்காரர்களுக்கும் மாடுகளுக்கும் தண்ணீர் தருகிறாள். முன்னால் நிற்கிற கொம்பு சீவிய காளைகளைத் தாண்டிப் போய், எல்லாவற்றுக்கும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த கிழட்டு மாட்டுக்கு முதலில் காட்டுகிறாள். வீட்டுக்குள்ளிருந்து அவள் கணவன் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள்.

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு மறுபடியும் சிரிப்பு. "அவள்தான். கோழிக்குத் தவிடு வைத்தாலும் அவளுக்கு அந்தக் கடைசிக் குஞ்சுதான் முதலில். அவளேதான்."

அன்று ஆனைக்கரட்டில் யாரும் வேலை செய்யவில்லை. மகள் வீட்டுக்குப் போகிறவளுக்குச் சீர் சேர்ந்தது. பூக்கடைப் பெண்கள் சரம் சரமாக மல்லிகை கொண்டுவந்தார்கள். காவல் நிலையத்திலிருந்து ஒரு பித்தளைக் குடம் வந்தது. லைன்மேன்கள் பணம் போட்டு ஒரு சேலை எடுத்தார்கள். பாக்கியம் ஒரு வாளி நிறைய முறுக்குச் சுட்டாள்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் எல்லாரும் துறை வாசலில் கூடினார்கள். அந்த அம்மாள் சீரையெல்லாம் பார்த்தாள், ஒவ்வொன்றையும் தொட்டாள், எதையும் எடுக்கவில்லை. சபுராவைக் கூப்பிட்டாள்.

"மகளே, நீ படித்தாயே, அந்தப் பாட்டு. அந்தப் பெண்ணை யாராவது தேடி வந்தார்களா?"

சபுரா மேடத்தைப் பார்த்தாள். மேடம் ஊரைப் பார்த்தார். ஊரில் இருந்த அத்தனை பேரும் அத்தனை பாட்டையும் படித்திருந்தார்கள்.

"இல்லம்மா" என்றாள் சபுரா. "யாரும் கேட்டு வரல."

"அது எந்தப் பக்கம்?"

"இருநூத்தி ஐம்பத்தொண்ணு. ஆனா உங்க மகள் வீடு அதையும் தாண்டி, முன்னூத்தி முப்பத்து நாலுல. நீங்க நேரா அங்கேயே போயிரலாம்மா. நாங்க உங்களை..."

"அவள் வீட்டில் தண்ணீர் இருக்கிறது" என்றாள் அந்த அம்மாள். "இந்தப் பெண்ணின் கை வெயிலில் கிடக்கிறது. முதலில் அங்கே போகிறேன். மூடுவதற்கு ஒரு துணி கொடு."

தேவசகாயம் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். சபுரா விடுதிக்கு ஓடிப்போய், உம்மா கொடுத்தனுப்பிய வெள்ளைத் துப்பட்டியை எடுத்து வந்தாள், இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்த அம்மாள் அதை விரித்து நீளம் பார்த்து, நன்றாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். பித்தளைக் குடத்தில் தேவசகாயம் தண்ணீர் நிரப்பித் தந்தார். அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பிறகு சைக்கிள் ஸ்டாண்டு வழியாக நடந்து, வேப்பமரத்தைத் தாண்டி, புறவழிச்சாலையை நோக்கிப் போனாள். இந்த முறை இலைகள் சுருளவில்லை. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை.

"அந்தப் பாட்டுக்கு எவ்வளவு தூரம் மேடம்?" என்று சபுரா கேட்டாள்.

"நூத்தி முப்பத்து மூணு பக்கம்" என்றார் மேடம். "நடுவுல மலை இருக்கு."

ஜெராக்ஸ் தாள்களை யாரும் திருப்பித் தரவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இன்றும் மழைக்காலம் வந்தால் முல்லை நிலத்துப் பாட்டு ஒன்று சத்தமாகப் படிக்கப்படும். அடுத்த ஆண்டு துறையில் நாற்பது பேர் சேர்ந்தார்கள், அவர்களில் இரண்டு பேர் பூக்கடைப் பெண்கள். இரண்டாம் ஆண்டுக்கு வந்திருந்த சபுராவிடம் முதலாண்டு மாணவி ஒருத்தி, வந்து மூன்று வாரம்கூட ஆகாதவள், தொகுப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இந்தப் புத்தகத்துல ஏதோ தப்பா இருக்கு. உரையில ஏழு அடிப் பாட்டுன்னு போட்டிருக்கு. நான் மூணு தடவை எண்ணிட்டேன், ஆறு அடிதான் வருது."

சபுரா வாங்கிப் பார்த்தாள். இருநூற்று ஐம்பத்தொன்றாம் பக்கம். ஓடை இருந்தது, மரம் இருந்தது, பருந்து இருந்தது, கல்லும் தழையும் மூடிய மேடு இருந்தது. சின்னக் கை தெரிகிற அடி மட்டும் இல்லை.

"அச்சுப் பிழையாக்கா?"

"இல்ல" என்றாள் சபுரா. "அந்த அம்மா அங்க வந்து சேர்ந்துட்டாங்க. மகள் வீட்டுக்கு இன்னும் எண்பத்து மூணு பக்கந்தான்." புத்தகத்தை மூடாமல் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டு, தேவசகாயம் அண்ணாச்சியிடம் சொல்வதற்காக வெளியே ஓடினாள்.